ஐந்தரை மணிக் கணக்கு

அத்தை திரும்பி வந்த அன்று பள்ளிக்கு அரைநாள் விடுப்பு எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'உறவினர் வருகை' என்று போட்டேன். தலைமை ஆசிரியை படித்துவிட்டு, "யாரு டீச்சர், வெளியூரா?" என்று கேட்டார். "அப்பாவோட தங்கச்சி" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பதினோரு வருடமாக ஒரே பள்ளியில் இருக்கிறோம். அப்பாவுக்கு ஒரு தங்கை உண்டு என்று அவர் கேள்விப்பட்டதே இல்லை. அவர் மேல் குற்றமில்லை, நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை.

என் அத்தை இருபத்தேழு வருடம் ஒரு மனநலக் காப்பகத்தில் இருந்தாள். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். சங்கரன்கோவிலில் இருந்து இரண்டு பஸ் மாறி ஐந்து மணி நேரம் போக வேண்டும். அவளை அங்கே விட்டபோது அவளுக்கு இருபத்தைந்து வயது, எனக்குப் பத்து. அதற்கு முன்னால் ஒரு மண்டலம் கோயிலில் அம்மன் சந்நிதிக்கு எதிரே உள்ள சக்கரக் குழியில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். மனசு சரியில்லாதவர்களை அங்கே உட்கார வைப்பது எங்கள் ஊர் வழக்கம். எங்கெங்கிருந்தோ கூட்டி வருவார்கள். அத்தையும் சொன்னபடி உட்கார்ந்தாள், புற்றுமண் பூசிக்கொண்டாள், குணமாகவில்லை. பிறகு திருநெல்வேலியில் ஒரு டாக்டர். அதற்கும் பிறகுதான் காப்பகம். "ஆறு மாசம்" என்றுதான் பேச்சு. அப்பா அதையும் அவளிடம் சொல்லவில்லை. ரத்தம் டெஸ்ட் எடுக்கப் போகிறோம் என்று சொல்லிக் கூட்டிப் போனார். இதை அப்பாவே என்னிடம் சொன்னது போன வருடம்தான்.

ஆறு மாதம் இருபத்தேழு வருடமாக ஆயிற்று. உட்கார்ந்து பேசி யாரும் அப்படி முடிவெடுக்கவில்லை. முதல் வருடம் மாதாமாதம் பார்க்கப் போனார்கள். பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் என்று ஆனது. பிறகு அதுவும் நின்றது. என் கல்யாணப் பேச்சின்போது தரகர், "உங்க கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு அண்ணாச்சி?" என்று கேட்டார். "நான் ஒத்தைக்கு ஒரு பிள்ளை" என்றார் அப்பா. நான் அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. இப்போது எழுதக் கூசுகிறது.

சட்டம் மாறியதால் காப்பகத்தில் இருந்து கடிதம் வந்தது. குணமாகி வெகுகாலமாக மாத்திரையோடு நன்றாக இருப்பவர்களை வீட்டார் கூட்டிப் போக வேண்டும் என்றது. அப்பா இரண்டு கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்தார். மூன்றாவது முறை ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். அந்தக் காப்பகத்தின் சமூகப் பணியாளர். "மூன்று மாதம் வைத்துப் பாருங்கள். சரிப்பட்டு வரவில்லை என்றால் பேசிக்கொள்ளலாம்" என்றாள். அப்பா அந்த மூன்று மாதத்தைப் பிடித்துக்கொண்டார். தாலுகா ஆபீசில் முப்பது வருடம் இருந்தவருக்குக் கெடு என்று ஒன்று இருந்தால்தான் காரியம் ஓடும்.

வந்த அன்று அத்தை கூடத்துச் சுவரில் மாலை போட்டிருந்த ஆச்சி படத்தைப் பார்த்தாள்.

"அம்மைக்கு எப்பம்?"

"பன்னெண்டு வருசமாச்சு" என்றாள் அம்மா. அப்பா வாசலுக்குப் போய்விட்டார். அத்தை படத்துக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு, "மைனி, கால் கழுவலாமா?" என்று கேட்டாள்.

எல்லாவற்றுக்கும் கேட்டாள். தண்ணீர் குடிக்கலாமா, உட்காரலாமா, லைட்டைப் போடலாமா. குளியலறைக் கதவுக்கு உட்புறம் தாழ்ப்பாள் இருப்பதைப் பார்த்து நான்கைந்து முறை போட்டுப் போட்டுத் திறந்தாள். அங்கே தாழ்ப்பாள் எல்லாம் வெளிப்புறம்தானாம். அம்மா மாத்திரை கொடுத்தால் விழுங்கிவிட்டு வாயை ஆவென்று திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டுவாள். ஒளித்து வைக்கவில்லை என்று நர்சுக்குக் காட்டும் வழக்கம் அது. முதல் வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூட்டிப் போனேன். புற்றுமண் கொடுத்தார்கள். வாயில் ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டு, கொடுத்தவரிடமும் நாக்கைத் தூக்கிக் காட்டினாள். அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் சக்கரக் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதெல்லாம் வீட்டுக்குள் அடங்குகிற சங்கதி. அடங்காதது ஐந்தரை மணி.

தினமும் சாயங்காலம் சரியாக ஐந்தரைக்கு அத்தை பின்வாசல் படியில் போய் நிற்பாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வாள். நல்ல கணீர்க் குரலில் ஆரம்பிப்பாள். "விளாத்திகுளம்." கொஞ்சம் நிறுத்துவாள். "சிவகிரி." நிறுத்துவாள். "ஏரல். குருவிகுளம். சாத்தூர். மேலநீலிதநல்லூர்..." இப்படியே அறுபதுக்கு மேல் ஊர்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் அதே அளவு இடைவெளி. முடிந்ததும் உள்ளே வந்து, "சாப்பிடலாமா மைனி?" என்பாள்.

தெருவுக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. எதிர்வீட்டுக்காரர், "உங்க வீட்டுல பஸ் ஸ்டாண்டு வச்சிருக்கேளா வே?" என்று அப்பாவிடம் கேட்டார். விசைத்தறிச் சத்தத்திலேயே வாழ்கிற தெரு எங்களுடையது. அந்தச் சத்தத்தையும் தாண்டி அத்தை குரல் கேட்டது. பிறகு சிரிப்பு நின்றது. மாடியில் குடியிருந்தவர்கள், பிள்ளை பயப்படுகிறது என்றார்கள். அப்பாவுக்கு முகம் கொடுக்க முடியவில்லை. "ஏட்டி, முத்திப் போச்சு. மூணு மாசம் முடியட்டும், கொண்டு விட்டுருதேன்" என்றார். எனக்கும் அது நோய் என்றுதான் பட்டது.

என் வீடு இரண்டு தெரு தள்ளி. பள்ளி விட்டதும் அப்பா வீட்டில் தலைகாட்டிவிட்டுத்தான் போவேன். ஒரு நாள் விடைத்தாள் திருத்திக்கொண்டே அத்தை கூப்பிடுவதைக் கேட்டேன். எதற்கென்று தெரியாமல் ஒரு தாளின் பின்பக்கம் ஊர்களை எழுதிக்கொண்டே வந்தேன். மறுநாளும் எழுதினேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு ஊர் விடுபடவில்லை. ஒரு ஊர் இடம் மாறவில்லை. மூன்றாம் நாளும் அப்படியே. நான் ஆசிரியை. என் வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். பதிவேட்டை மறந்து வைத்துவிட்டு வந்த நாளில் இருபதுக்கு மேல் வரிசையாகச் சொல்ல எனக்கு நாக்கு புரளாது. குழம்பிப்போன மூளை என்று நாங்கள் முடிவு கட்டிய மூளை இது.

"அத்தை, யாரைக் கூப்பிடுதீங்க?" என்று கேட்டேன். இரண்டு மாதத்தில் யாரும் அவளிடம் இதைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"ஆளுகளத்தான். கதவு பூட்டுத நேரம்லா?"

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். காப்பகத்தில் ஐந்தரைக்குப் பெண்கள் கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். பூட்டும் முன் பணியாளர் தலைகளை எண்ணுவார். ஒரு ஐப்பசி மழையில் எண்ணிக்கை சரியாக இருந்தது, ஆனால் ஒருத்தி வெளியே விடுபட்டுவிட்டாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் அதே நிறச் சேலையில் உள்ளே நின்றதால் அவளையும் சேர்த்து எண்ணிவிட்டார்கள். காலையில் கதவைத் திறந்தபோது துவைக்கிற கல் பக்கத்தில் அந்த ஏரல்காரி நனைந்து விறைத்து உட்கார்ந்திருந்தாளாம். பத்து நாள் காய்ச்சலில் கிடந்து பிழைத்தாள்.

"தலைய எண்ணுனா தல சரியாத்தான் இருக்கும். ஆளு இருக்காளான்னு ஆளத்தான கேக்கணும்? அதான் நாங்களே கேட்டுக்கிட்டோம்."

"அதுக்கு ஏன் ஊர்ப் பேரு?"

அத்தை என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். படித்தவள் இது கூடத் தெரியாமல் இருக்கிறாளே என்கிற பார்வை. பெயரை எப்படி நம்புவது? சிலருக்குச் சொந்தப் பெயர் மறந்துவிட்டது. போலீஸ் கொண்டு வந்து விட்டவர்களுக்கு ஆபீசில் ஏதோ ஒரு பெயர் வைத்து எழுதிக்கொண்டார்கள். ஒரே பெயரில் ஐந்து பேர் இருந்தார்கள். ஊர் மட்டும் யாருக்கும் மறக்கவில்லையாம். பெற்ற பிள்ளை பெயரை மறந்தவள்கூட ஊரைக் கேட்டால் டக்கென்று சொல்வாளாம்.

கூப்பிடுவதற்கு அத்தையைத்தான் வைத்தார்கள், குரல் பெரிது என்பதால். பதினெட்டு வருடம் ஒரு நாள் விடாமல் கூப்பிட்டிருக்கிறாள். காய்ச்சல் நாளில் கட்டிலில் படுத்தபடி. வாய் பேச மாட்டாதவர்களுக்குப் பக்கத்துக் கட்டில்காரி, "இருக்கா" என்று சொல்ல வேண்டும். யாராவது பதில் சொல்லாவிட்டால் மொத்தக் கூடமும் எழுந்து நின்றுகொள்ளும். அவளைத் தேடிக் கொண்டு வந்தால்தான் உட்காரும். பணியாளர்கள் முதலில் சத்தம் போட்டார்கள், பிறகு அவர்களே இந்தக் கணக்கு முடியட்டும் என்று சாவியோடு காத்திருக்கப் பழகிக்கொண்டார்களாம்.

அத்தை கூப்பிட்ட வரிசை, அவர்கள் அங்கே வந்து சேர்ந்த வரிசை. யார் எப்போது வந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். தேதி அவளுக்குத் தெரியாது. "சிவகிரி எனக்கு முன்னமே வந்தவ. ஆடித்தபசுக்கு முந்துன செவ்வாக்கிழமையாம். கல்யாணச் சேலையக் கட்டிட்டு வந்தாளாம். நல்ல மாம்பழக் கலரு. அத வாங்கி வச்சிட்டு அங்க உள்ளதக் குடுத்துருக்காங்க. அந்தக் கலர்ல எவ சேல கட்டிட்டு வந்தாலும் போய்த் தொட்டுப் பாப்பா." குருவிகுளம் ஒரு வேதக்காரப் பெண், முன்பு டீச்சர். பைபிள் சங்கீதங்களை மனப்பாடமாகச் சொல்வாளாம். யாராவது அழுதால் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒன்றைச் சொல்லிவிட்டு, ஆறுதல் என்று வேறொரு வார்த்தையும் பேசாமல் எழுந்து வந்துவிடுவாளாம். மேலநீலிதநல்லூர்காரிக்கு மானாவாரிக் காடு. மழை வாடை அடித்தால் போதும், "உளுந்துக்குக் களை எடுக்கணும், என்ன விடுங்க" என்று கதவைப் பிடித்து நிற்பாள். அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து முற்றத்துப் புல்லைப் பிடுங்குவார்களாம், அவளுக்காக. அவள் முன்னால் போக, மற்றவர்கள் பின்னால் வரிசையாக.

ரயிலில் ஏறி வந்துவிட்ட ஒருத்தியும் இருந்தாள். தமிழ் தெரியாது. அவள் சொன்ன ஊர் யாருக்கும் புரியவில்லை. ஆபீசிலும் எழுதவில்லை.

"ஊர் இல்லாம எப்படிட்டி ஒருத்திய விடது? நம்ம ஊரக் குடுத்தேன். நான் சங்கரங்கோயில் பெரியவ. அவ சங்கரங்கோயில் சின்னவ."

இந்த ஊர் அவளுக்குச் செய்தது என்ன? நாங்கள் செய்தது என்ன? எங்கள் குடும்ப அட்டையில் அவள் பெயர் இல்லை. என் அப்பா வாயில் அவள் இல்லை. அவள் கையில் மிச்சம் இருந்தது இந்த ஊர்ப் பெயர் ஒன்றுதான். அதிலும் பாதியை எடுத்து, இந்த மண்ணை மிதிக்காத ஒருத்திக்குக் கொடுத்துவிட்டு, அது ஒரு காரியமா என்பது போல முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. செய்யவில்லை, பயந்துவிடுவாள்.

"இங்க ஏன் கூப்பிடுதீங்க? அவங்க இங்கன இல்லைல்லா?"

"அது தெரியாமலா இருக்கேன்? நான் வந்துட்டேன். அங்கன யாரு கூப்பிடுதாளோ என்னமோ. எனக்கு வரிச மறந்துரக் கூடாது."

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். கண் கலங்கியது என்றுகூட எனக்குப் பட்டது. ஆனால், "சரிதான் மக்கா. இத ஒவ்வொரு வீடாப் போயி நீ சொல்லுவியா?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அத்தையிடம் கொஞ்சம் மெதுவாகக் கூப்பிடுங்கள் என்றேன். இரண்டு நாள் முணுமுணுப்பாகச் சொன்னாள். மூன்றாம் நாள் மறுபடியும் கணீர். "மெதுவாச் சொன்னா கடைசிக் கட்டிலுக்குக் கேக்காதுட்டி" என்றாள்.

மூன்று மாதம் முடிந்தது. டாக்டர் பார்க்க வேண்டும் என்று நாள் கொடுத்திருந்தார்கள். காலையில் நான் போனபோது கூடத்தில் ஒரு பெரிய பை இருந்தது. ஒரு நாள் போய் வருகிறவர்களுக்கு அவ்வளவு பெரிய பை எதற்கு? அப்பாவைப் பார்த்தேன். அவர் செருப்பைத் தேடினார். பையை அடுக்கியது அவர் இல்லை, அத்தைதான் என்று அம்மா சொன்னாள். நான்கு சேலை, சீப்பு, மாத்திரை, அம்மா வாங்கிக் கொடுத்த பவுடர் டப்பா. யாரும் சொல்லாமலே அவள் தெரிந்துகொண்டாள். இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் ஏமாந்த மாதிரி இந்த முறை ஏமாறவில்லை.

பஸ்ஸில் அவள் அப்பாவுக்கு முன் சீட்டில் இருந்தாள். ராஜபாளையம் தாண்டியதும் திரும்பி, "அண்ணே, நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்க. எனக்கு அங்கன பழக்கந்தான்" என்றாள். அப்பா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது. அவர் மேல் வந்த கோபம் எப்போதும் உள்ளது. இவள் ஒரு தடவையாவது சண்டை போட மாட்டாளா என்று வந்த கோபம் புதிது.

டாக்டர் வர நேரமாகிவிட்டது. அவர் பார்த்துவிட்டு, நோய் என்று எதுவும் தெரியவில்லை, மாத்திரையைத் தொடரட்டும் என்றார். பிறகு ஆபீஸ் அறையில் அந்த சமூகப் பணியாளர் பெண் எங்களை உட்கார வைத்தாள். அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார். அவள் வாதாடவில்லை. ஒரு படிவத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதுல அவங்களும் கையெழுத்துப் போடணும் சார். அவங்களுக்கு இஷ்டம் இருந்தாத்தான் நாங்க சேர்த்துக்க முடியும்" என்றாள். அத்தையிடம் குனிந்து, "உங்களுக்கு வீட்டுல இருக்கணும்னா சொல்லுங்கம்மா. யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது" என்றாள்.

"நான் இருந்துக்கிடுதேன்" என்றாள் அத்தை. பேனாவை வாங்கினாள். நான், "அத்தை" என்றேன். அவள் என் கையை ஒரு தட்டு தட்டிவிட்டு, எங்கே எழுத வேண்டும் என்று விரலால் கேட்டாள்.

அப்போது உள்ளே மணி அடித்தது. ஆபீசுக்குப் பின்னால் ஒரு சுவர், அதற்கு அப்பால்தான் பெண்கள் கூடம். சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"விளாத்திகுளம்."

"இருக்கேன்."

"சிவகிரி."

"இருக்கேன்."

"ஏரல்."

"இருக்கேன்."

மூன்று மாதமாக எங்கள் பின்வாசலில் நான் கேட்டிருந்தது கேள்வியை மட்டும். பதிலை அன்றுதான் கேட்டேன். கிழட்டுக் குரல், கீச்சுக் குரல், தூக்கக் கலக்கக் குரல், பாடுகிற மாதிரி ஒரு குரல். வாய் பேச மாட்டாதவளுக்குப் பதிலாக இன்னொருத்தி சொல்லும், "இருக்கா." ஒரு ஊர் விடாமல், வரிசை பிசகாமல் வந்துகொண்டே இருந்தது. அப்பா நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டார். அவர் காதில் அது ஒருபோதும் இப்படி விழுந்ததில்லை. அத்தை பேனாவைப் பிடித்தபடி, தலையைச் சாய்த்து, தப்பு வருகிறதா என்று கவனித்துக்கொண்டிருந்தாள்.

"சங்கரங்கோயில் பெரியவ."

அத்தையின் வாய் திறந்தது. பழக்கம், பதினெட்டு வருடப் பழக்கம். ஆனால் அவள் வாயிலிருந்து சத்தம் வருவதற்குள் சுவருக்கு அப்பால் மொத்தக் கூடமும் ஒரே குரலில் பதில் சொன்னது.

"வீட்டுல இருக்கா."

சொல்லிவிட்டு யாரோ சிரித்தார்கள். வேறொருத்தி மறுபடியும் தனியாகச் சொன்னாள், "அவ வீட்டுல இருக்கா." அதற்குப் பிறகுதான் குரல் அடுத்த ஊருக்குப் போனது.

"அவங்க போன நாள்ல இருந்து தினமும் இப்படித்தான். இந்த ஒரு பதிலை மட்டும் எல்லாரும் சேர்ந்துதான் சொல்லுவாங்க" என்றாள் அந்தப் பெண், மெல்லிய குரலில்.

அத்தை பேனாவை மூடி, படிவத்தின் மேல் வைத்தாள். எழுந்தாள். அவள் யாரிடமும் அனுமதி கேட்காமல் எழுந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அண்ணே, வாங்க. வீட்டுக்குப் போவோம்."

அப்பா பையைத் தூக்கி மார்போடு வைத்துக்கொண்டார். "இவ்வளவு தூரம் வந்துட்டு அவளுகள ஒரு எட்டுப் பாக்காமலா தாயி போற?" என்றார்.

அத்தை சுவரைப் பார்த்தாள்.

"நான் இங்கன வந்து நிக்கது தெரிஞ்சா, நாளைக்கு அவளுக என்ன பதில் சொல்லுவாளுக?"